தண்ணிதானே சார்!

என் ஓவியக் கண்காட்சிக்குத் தவறாமல் ஒருவர் வருவார். படம் வாங்க அல்ல, கணக்குப் பார்க்க.

கபாலி கோயில் குளத்தை நீர்வண்ணத்தில் தீட்டி மாட்டியிருப்பேன். படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு சார்?” என்பார். தப்பிக்கும் பதிலே கிடையாது. ஒரு மணி நேரம் என்று உண்மையைச் சொன்னால், “எங்க ஜெனரல் மேனேஜருக்கே மணிக்கு இவ்வளவு வராதே!” மூன்று நாள் என்று புளுகினால், “பழகிட்டா சீக்கிரம் வந்துடும்” என்று தோளில் ஒரு தட்டு.

வானத்துக்கு அடித்த வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, சித்திரை வெயிலில் காய்வதற்குள் மேகத்தை இறக்கியாக வேண்டும். ஐப்பசியிலோ சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் அதே வானம் சொதசொதவென்று கிடக்கும். பிசகினால் 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் குப்பைக்கு. கிழித்துப் போட்டவை எத்தனை என்று அவர் கேட்டதே இல்லை.

1878இல் லண்டன் நீதிமன்றத்தில் ஓவியர் விஸ்லரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் இதே ‘எவ்வளவு நேரம் ஆச்சு’ கேள்விதான். விலை இரண்டு நாள் உழைப்புக்கல்ல, ஆயுள் முழுக்கக் கற்றதற்கு என்றார் விஸ்லர். நம்மவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன்.

“கேஸ் என்ன ஆச்சு?”

“ஜெயிச்சுட்டார். நஷ்டஈடு கால் பென்னி. மறுவருஷம் திவால்.”

“பாத்தீங்களா!” என்றார், பரம திருப்தியாக.

அடுத்தது பொருள் செலவு. “ஆயில் பெயின்ட்னா சரி. இது தண்ணிதானே சார்?” பிறகு வெள்ளை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தொடாமல் விட்ட காகிதம்தான். குளத்தில் விழுந்த வெயிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றிய அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, “இங்கெல்லாம் ஒண்ணுமே வரையலையே, அதைக் கழிச்சுக்குங்க” என்பார், மனை வாங்குபவர் ரோட்டுக்கு விட்ட நிலத்தைக் கழிப்பதுபோல.

ஒரே ஒரு முறை, மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சின்னப் படம் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினார். ஃப்ரேம் கடையில் அதைவிட அதிகம் கொடுத்தார். அங்கே பேரமே இல்லை.

ஆனாலும், மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட, எல்லாப் படத்தின் முன்னாலும் நின்று பார்ப்பவர் இவர் ஒருவர்தான். வராத வருஷம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

போன தை மாதம் குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் அழைப்பிதழைக் கொண்டுவந்து நீட்டினார். அட்டையில் என் குளம். செல்போனில் எடுத்தாராம். ஓரத்திலிருந்த என் கையெழுத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அச்சகத்தின் பெயர். “உங்களுக்கு நல்ல விளம்பரம் சார்” என்றார்.

ஐயா, பேரம் பேசுங்கள், வகுத்துப் பாருங்கள், தண்ணி என்றே சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் மட்டும் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குத் தனி விலை.