முகூர்த்தத்தில் வெளிச்சம் எத்தனை நாழிகை?

அனுப்புநர்:
கல்யாணத்துக்குப் போய் முதுகுகளை மட்டும் பார்த்துத் திரும்பும் ஒருவன்,
திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரம்.

பெறுநர்:
பஞ்சாங்கம் கணிக்கும் பெரியோர்கள்
(வாக்கியம், திருக்கணிதம் இரு தரப்பினரும்).

பொருள்: முகூர்த்தப் பட்டியலில் கேமராவுக்கு உரிய இடம் அளித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

தமிழ்நாட்டில் மேல்முறையீடே இல்லாத தீர்ப்பு உங்களுடையதுதான். நீங்கள் ஒரு தேதியைச் சுபமுகூர்த்தம் என்று குறித்துவிட்டால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் தருகிறார்கள், போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுகிறது, மல்லிகைப்பூ விலை எகிறுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்களைக் காற்று வாங்க வைக்க எந்த அமைச்சராலும் முடியாது. உங்களால் முடியும்.

ஆனால் அந்த அதிகாரம் மண்டப வாசலோடு சரி. உள்ளே ஆள்வது போட்டோகிராபர்.

அதிகாலை 4.30 முதல் 6 மணிக்குள் என்று நீங்கள் குறித்துக் கொடுக்கிறீர்கள். ஐயர் மாங்கல்யத்தை எடுத்துக் கொடுக்கிறார், கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடும்போதே, “சார், கொஞ்சம் மெதுவா! மேடம், ரொம்பக் குனியாதீங்க” என்று ஒரு குரல். மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் கை நீட்டினால், “அக்கா, லைட்ட மறைக்கிறீங்க.” எல்லாம் முடிந்தபின், “ஒன் மோர்.” தவில்காரர் பெருமூச்சு விட்டபடி இன்னொரு கெட்டிமேளம் வாசிக்கிறார். என் சந்தேகம் இதுதான்: நீங்கள் குறித்த லக்னத்தில் விழுந்தது முதல் முடிச்சா, ரீடேக் முடிச்சா? பத்துப் பொருத்தமும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வேண்டாமா? நாங்கள் கீழேயிருந்து எறியும் அட்சதையெல்லாம் வீடியோகிராபர் முதுகில்தான் விழுகிறது. மாவட்டத்திலேயே அதிக ஆசீர்வாதம் வாங்கியவர் அவராகத்தான் இருப்பார்.

ஆகவே, நடப்பதை ஒப்புக்கொண்டு அச்சிலேயே ஏற்றிவிடலாம். ராகு காலம், எமகண்டம், குளிகை போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போதும். சூரிய உதயத்தை எப்படியும் கணித்துப் போடுகிறீர்கள். உதயத்திலிருந்து இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், வெயில் சாய்வாக விழும், முகத்தில் உறுத்தாது. போட்டோகிராபர்கள் கோல்டன் ஹவர் என்று கொண்டாடும் நேரம் உங்கள் கணக்கில் ஏறக்குறைய ஒரு முகூர்த்தம்தான். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும் நேரத்தைத் தயங்காமல் எமகண்டத்தோடு சேர்த்துவிடுங்கள். பெண் வீட்டார் அப்போதாவது சாப்பிடப் போவார்கள்.

இதில் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்குத் தனி வழக்கு உண்டு. கோர்வைப் புடவைக்கு நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு. தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கரையும் உடலும் கவ்விக்கொள்ளும் இடத்தில் மெலிதாக ஒரு பல்வரிசை ஓடும். பக்கவாட்டு வெளிச்சம் பட்டால்தான் அது கண்ணுக்குத் தெரியும். பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்கும் மேல் தங்கம் பூசியது ஜரிகை. ஃப்ளாஷை நேருக்கு நேர் அடித்தால் இத்தனை உழைப்பும் படத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. பழியோ புடவை மேல் விழுகிறது. “ஜரிகை கம்மியா, பேஸ்டல் கலரா எடுங்க” என்று பெண்ணுக்கு அறிவுரை வருகிறது. அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்தும் பீரோவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை நெய்துவிட ஏங்கும் நெசவாளியின் கதையை 2008இல் ‘காஞ்சிவரம்’ என்று படமாக எடுத்தார் பிரியதர்ஷன். இன்று எடுத்தால், நெய்து முடித்த அப்பாவிடம் போட்டோகிராபர் வந்து, “கலர் செட் ஆகாது சார்” என்று சொல்லும் காட்சியையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

தோஷம் எழுதினால் பரிகாரமும் எழுதுவது உங்கள் மரபு. எனவே இவற்றையும் அச்சிடுங்கள்: ஃப்ளாஷைக் கூரையைப் பார்க்கத் திருப்புவது. மேடையின் ஊதா, பச்சை எல்இடியைத் தாலி கட்டும் நேரத்திலாவது அணைத்துவிட்டு வெள்ளை விளக்கைப் போடுவது. மணப்பெண் இடக் கன்னம் ஊதாவாகவும் வலக் கன்னம் பச்சையாகவும் இருந்தால் எந்த மேக்கப்பும் காப்பாற்றாது. அலங்காரம் நடக்கும் அறையில் பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைப்பது. புடவைக்கு முதல் நாள் ராத்திரியே கொசுவம் மடித்து வைப்பது. முக்கியமாக, பெரியப்பா கையிலிருக்கும் செல்போனைச் சுபவேளையில் வாங்கி வைப்பது. கோயில்களில் செல்போன் கூடாதென்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. மண்டபத்துப் பெரியப்பாக்களுக்கு உத்தரவு போட நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பிரீ வெட்டிங் ஷூட்டுக்கும் ஒரு விலக்கு தேவை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் மணற்கல்லில் படும்போது பார்க்க வேண்டும். ஆனால் கோயில் ஊருக்கு மேற்கே இருக்கிறது. உங்கள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தப் பக்கம் புறப்படக் கூடாது. ஐ.டி. கம்பெனி ஜோடிக்கு லீவு கிடைப்பதோ ஞாயிறுதான். தயவுசெய்து ஆவன செய்யவும்.

எங்கள் ஊர் ஜைனக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலை மட்டும் சிபாரிசு செய்துவிடாதீர்கள். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பிய சங்கீத மண்டபம் அங்கே இருக்கிறது, விதானம் முழுக்க ஓவியம், யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் அங்கே எழுதப்பட்டவர்களில் ஒருவர் நேமிநாதர். ஜைனர் கதைப்படி, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வந்துகொண்டிருந்தவர், விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, அப்படியே தேரைத் திருப்பித் துறவுக்குப் போனவர். கேமராக்காரர் தெரியாமல், “சார், அப்படியே மேல பாருங்க” என்று சொல்லித் தொலைத்தால் என்ன ஆவது? மாமனாருக்கு மண்டப அட்வான்ஸ் திரும்பி வராது.

கடைசியாக ஒன்று. பிலிம் காலத்தில் சுருளுக்கு 36 படம். பாட்டி கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்து எடுப்பார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் எடுத்து, “செலக்ட் பண்ணிக் கொடுங்க” என்று ஹார்ட் டிஸ்க்கைத் தந்துவிடுகிறார்கள். ஜோடி செலக்ட் பண்ணாது, போட்டோகிராபரும் கேட்கமாட்டார். சூரிய கிரகணம் பிடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் போன வருஷமே அச்சடித்துத் தருபவர்கள் நீங்கள். கல்யாண ஆல்பம் கைக்கு வரும் நாளையும் கணித்துச் சொல்லுங்கள். தேதிகூட வேண்டாம், முதல் குழந்தையின் காதுகுத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
மொய் எழுதியும் தாலி கட்டியதைப் பார்க்காதவன்