குலுக்கலில் விழும் மேதைகள்

வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தின் மான்ட்கோமெரி கவுன்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் சந்தித்தால், சௌக்கியம் விசாரிப்பது அப்புறம்தான். முதல் கேள்வி, பள்ளியில் நடக்கும் 'மேப்' தேர்வில் எத்தனையாவது பெர்சென்டைல்?

எல்லாம் 'மேக்னட்' எனும் சிறப்பு வகுப்புக்காக. கணிதம், அறிவியல், கணினி என்றால் டக்கோமா பார்க் நடுநிலைப் பள்ளி; மொழியும் ஊடகமும் என்றால் ஈஸ்டர்ன். இரண்டும் அரசுப் பள்ளிகள், கட்டணம் கிடையாது. 1970களில் அமெரிக்காவில் மேக்னட் பள்ளிகள் பெருகியதே கறுப்பர், வெள்ளையர் பிள்ளைகளை வற்புறுத்தாமல் ஓரிடத்துக்கு இழுக்கத்தான். இப்போது அவை முதலில் இழுப்பது டியூஷன் சென்டர்களை.

கொரோனா காலத்தில் சேர்க்கைக்கான வழக்கமான தேர்வு நடத்த வழியில்லாமல் குலுக்கல் வந்தது. கொரோனா போனது, குலுக்கல் உடனே கிளம்பவில்லை. 'மேப்' பெர்சென்டைல் வரம்பைத் தொட்ட பிள்ளைகள் எல்லோரும் ஒரே பானையில். 99 வாங்கியதற்குத் தனிச் சீட்டெல்லாம் இல்லை. அந்த வரம்பும் பள்ளிக்குப் பள்ளி ஒன்றல்ல. பிள்ளை படிக்கும் பள்ளியின் வறுமை நிலையைப் பார்த்து மாறியது. நல்ல பள்ளி வேண்டும் என்று கடன் வாங்கிப் பணக்காரப் பேட்டையில் வீடு வாங்கியவர்கள் அப்போதுதான் பத்திரத்தை எடுத்து வெறித்துப் பார்த்தார்கள்.

குலுக்கலுக்கு முன்பே சேர்க்கை முறையில் செய்த மாற்றங்களை எதிர்த்தே, பெரும்பாலும் ஆசிய அமெரிக்கப் பெற்றோர் அடங்கிய ஓர் அமைப்பு 2020-ல் கோர்ட்டுக்குப் போனது. 2022-ல் வழக்கு தள்ளுபடி.

இடம் கிடைத்த வீட்டார் குலுக்கலைப் பற்றி மூச்சு விடுவதில்லை. பிள்ளை போன கோச்சிங் வகுப்பின் முகவரியை மட்டும் தாராளமாகத் தருகிறார்கள்.