சமையல்காரருக்கு விலக்கு உண்டு

தைவானிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு வரும் பொறியாளரைத் தில்லி, சம்பளத்தை வைத்துத்தான் எடைபோடும். வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாயைத் தாண்ட வேண்டும். அவருக்கு நூடுல்ஸ் கிண்டிப்போட அதே ஊரிலிருந்து வரும் சமையல்காரருக்கோ அந்த வரம்பு இல்லை. வயிற்று விஷயத்தில் நம் அதிகாரிகளுக்கு எப்போதும் தெளிவு அதிகம்.

விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வருமான வரிக்காரர் எண்ணுவதோ 182. அதை எட்டிவிட்டால் மனிதர் வரிக்கு இந்த நாட்டுவாசி, ஓட்டுக்கு அல்ல. மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு உழைப்பவருக்கோ இங்கே தனி விசாவே கிடையாது.

ஓசூர் மாடியறையிலிருந்து பெங்களூருக்கு வேலை பார்க்கும் நம்ம தம்பிக்கு விசா தொல்லை இல்லை. எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைக்கூடத் தாண்டுவதில்லை. ஆனாலும் கர்நாடகத் தொழில்வரி மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் 300, சம்பளச் சீட்டில் தவறாமல் தாண்டிவிடுகிறது. அவர் வைத்திருக்கும் கர்நாடகப் பதிவு கேஏ வண்டியும் 12 மாதத்துக்கு மேல் ஓசூரிலேயே நின்றால், இந்த ஊர்ப் பதிவான டிஎன் 70 ஆக மாற வேண்டும், புது வரி கட்டி.