பூவிலேயே கேப்டன்

சித்தூர் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. ஜனவரியில் மரத்தடியில் நின்று, அண்ணாந்து பூவைப் பார்த்து, "பன்னெண்டு டன் வரும்" என்று சொல்லி முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஜூன் வரை வயிற்றில் நெருப்போடு திரிவார்கள். தத்துப்பூச்சி, சூறைக்காற்று, பிஞ்சு உதிர்வு எல்லாம் தாண்டி மரத்தில் மிச்சமிருப்பதுதான் அவர்களுக்கு வருமானம். அந்த ரகத்தில் ஒருவர்தான் நம் அண்ணா. அதே கண்ணை ராத்திரி டிவி பக்கம் திருப்பினால் ஃபேண்டஸி கிரிக்கெட் நிபுணர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு அணிகளிலிருந்தும் கலந்து பதினொரு பேரை நாமே பொறுக்க வேண்டும். ஒவ்வொருவனுக்கும் ஒரு விலை. மொத்தக் கையிருப்பு 100 கிரெடிட். அவர்கள் மைதானத்தில் அடிப்பதும் எடுப்பதும் பிடிப்பதும் நம் கணக்கில் புள்ளியாக ஏறும். கேப்டன் என்று குறித்தவனுக்கு இரட்டிப்பு, துணை கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. 7 மணிக்கு டாஸ். அப்போதுதான் யார் ஆடுகிறார்கள் என்றே தெரியும். 7.30-க்குக் கதவு சாத்தியாகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் அண்ணாவிடம் கடன் கேட்டால்கூடக் கொடுத்துவிடுவார், காதில் விழாது.

கோலியை எடுப்பது அவருக்குக் கேவலம். "எல்லாரும் எடுத்தவன் அடிச்சா எல்லாருக்கும்தான் பாயிண்ட். நமக்கு என்ன மிச்சம்?" அவர் தேடுவது யாரும் சீண்டாத புதுப்பையனை. விலை குறைவு, விளைந்தால் கொள்ளை. அவனை எடைபோட அவரிடம் சொந்த அளவுகோல் இருக்கிறது. ரஞ்சி ஸ்கோர் வேண்டாம். முதல் பந்துக்குக் கால் நகர்கிறதா? பேட்டியில் அம்மாவைப் பற்றிப் பேசினால் எடுக்கலாம். தன்னைப் பற்றி 'ப்ராசஸ்' என்றானா, ரெண்டு மேட்ச்தான்.

அதிகம் பூத்தவனை நம்பக்கூடாது என்பது முதல் விதி. சாட்சிக்கு பால் வல்தாட்டியைக் கூப்பிடுவார். 2011-இல் மொகாலியில், சென்னைக்கு எதிராக 63 பந்தில் 120, அவுட்டே ஆகவில்லை. அந்த சீசனில் 463 ரன். அடுத்த வருஷம் ஆளைத் தேடவேண்டியிருந்தது. "ஒரு வருஷம் கொட்டுற மரம் மறு வருஷம் படுத்துக்கும்" என்பார். மாமரத்தைப் பொறுத்தவரை இது உண்மை என்பதால் எதிரே இருப்பவர் மறுக்க முடியாது.

பருவத்துக்கு முன்னால் பூத்தவனுக்கும் இதே விதிதான், அதனால்தான் வைபவ் சூர்யவன்ஷி கைநழுவினான். 2025 ஏப்ரல் 19, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் ஆட்டம். "பால்குடி மறக்காததைப் போய்..." என்று அண்ணா வாயெடுக்கும்போதே ஷர்துல் தாக்கூரின் பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அவன் சந்தித்த முதல் பந்து அது. ஒன்பது நாள் கழித்து 35 பந்தில் சதம். அன்றும் அண்ணா எடுக்கவில்லை. "இது பருவம் தப்பின காய்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

திருப்பதிக்குப் போனால் அவர் கௌரவம் இன்னும் கூடும். விசாகப்பட்டினத்து நிதீஷ்குமார் ரெட்டி 2024 ஐபிஎல்லில் 303 ரன் அடித்து வளரும் வீரர் விருது வாங்கி, டிசம்பரில் மெல்போர்னில் டெஸ்ட் சதமும் அடித்துவிட்டு, ஜனவரியில் திருமலைப் படிகளை முழங்காலால் ஏறிய வீடியோ வந்தது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. லீலா மஹால் சர்க்கிள் டீக்கடையில் அண்ணா மட்டும், "ஐயோ முட்டி, முட்டி" என்று பதறினார். அடுத்த சீசனில் பையன் 13 ஆட்டத்தில் 182 ரன். ஜூலையில் இங்கிலாந்தில் முழங்கால் காயம். அது ஜிம்மில் நேர்ந்தது என்று யார் சொல்லியும் எடுபடவில்லை. "சொன்னேனா இல்லையா?" சொன்னார்தான். சொல்லிவிட்டு சீசன் முழுக்க அவனையே கேப்டனாகப் போட்டதைத்தான் சொல்லவில்லை.

அண்ணா ஆடியது பணம் கட்டி. இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருந்தது. 2020-லேயே ஆந்திர அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. சித்தூரில் செல்போனில் ஆட்டத்தைத் திறந்தால், 'உங்கள் மாநிலத்தில் கிடையாது' என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் காட்பாடி, அங்கே அப்போது தடையில்லை. அங்கே அண்ணாவுக்கு ஒரு மச்சினன்.

அண்ணி ஒருமுறை காணிப்பாக்கத்துக்கு இழுத்துப்போய், குளத்தில் முழுக வைத்து, பிள்ளையார் முன் சத்தியம் வாங்கினார். அந்தச் சாமி முன் பொய் சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்பது இந்தச் சீமையின் நம்பிக்கை. அண்ணா கைகூப்பி, நிதானமாக, "இனி ஆந்திர மண்ணில் ஒரு பைசா கட்டமாட்டேன்" என்றார். இன்றுவரை மீறவில்லை. கட்டியதெல்லாம் காட்பாடியில்.

அந்த 2025 ஏப்ரல் 25-ஐப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். சேப்பாக்கத்தில் சென்னைக்கும் சன்ரைசர்ஸுக்கும் ஆட்டம். பாஷைக்கு ஹைதராபாத், பக்கத்துக்குச் சென்னை என்று வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்து கிடக்கும் ஊர் சித்தூர். அதில் சென்னை அணிக்கு ஆட வந்தவன் குண்டூர்ப் பையன் ஷேக் ரஷீத். முதல் ஆட்டத்தில் லக்னோவில் 19 பந்தில் 27 அடித்திருந்தான். அண்ணாவுக்கு இரண்டு கட்சியும் ஒரே மரத்தில் காய்த்த மாதிரி ஆகிவிட்டது.

"மாப்ள, ரஷீத்தை கேப்டனா போடு."

"ரஷீத் கான் இன்னிக்கு ஆடலையே மாமா."

"அவன் இல்லடா, நம்ம ரஷீத்!"

"நம்ம ரஷீத்துன்னா? பஸ் ஸ்டாண்டுல பிரியாணிக் கடை வச்சிருக்காரே, அவரா?"

7.28-க்கு ஒருவழியாக கேப்டன் பதவி உறுதியானது. 7.30-க்கு ஷமி ஓடிவந்தார். ஆட்டத்தின் முதல் பந்து, ஸ்லிப்பில் அபிஷேக் சர்மா கையில் ரஷீத். டக் அடித்தால் இரண்டு புள்ளி கழியும். கேப்டன் அடித்தால் நான்கு. ஓர் இரவுக்கான பதவியிலும் இரட்டிப்பு தவறாமல் கிடைத்தது. காட்பாடியிலிருந்து போன் வந்தது. "மாமா, பிரியாணிக்காரரைப் போட்டிருந்தா மைனஸாவது ஆகியிருக்காது."

அந்த வருஷமே அவருக்கு ஆகவில்லை. ஜூனில் கிளிமூக்கு மாங்காய் விலை சரிந்தது. கிலோவுக்கு 4 ரூபாய் அரசு போட்டுக்கொடுக்க வேண்டிய நிலைமை. ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்துக்கு நாடு முழுவதும் தடை போட்டு நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியது. அண்ணா கலங்குவார் என்று பார்த்தால், முகத்தில் ஒரு தெளிவு. "அஞ்சு வருஷம் நமக்கு மட்டும்தான் இல்லைன்னு இருந்துச்சு. இப்ப காட்பாடிக்கும் இல்ல. நியாயம்னா இதுதான்!"

காசு போன பிறகும் கண் போகவில்லை. டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபி ஏலத்தில், ஐபிஎல்லில் ஒரு பந்துகூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் சென்னை ஆளுக்கு 14.20 கோடிக்கு எடுத்தது. ஆரம்ப விலை 30 லட்சம். தோப்புக்காரரோடு குத்தகை பேச உட்கார்ந்திருந்த அண்ணா, செய்தி வந்ததும் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். பேச்சு முடிந்து வெளியே வந்ததும் என் காதருகே குனிந்தார்.

"இந்த விஷயம் இந்த ஆளுக்கு ஒரு வாரத்துக்குத் தெரியக்கூடாது. பூவுக்கே ரேட்டை ஏத்திடுவான்."