பிறைக்கு முறை உண்டா?

ரமழான் 29 ஆம் நாள் மஃரிப் நெருங்கினால் கல்முனையில் எல்லாரும் கணித சேர்மார்தான். "போன வருஷமும் முப்பது, அதுக்கு முதலும் முப்பது. இந்த முறை இருபத்தொன்பதுதான் காக்கா, எழுதி வைங்க!" பிறை என்ன, முறை வைத்து வயலுக்குத் திறந்துவிடும் வாய்க்கால் தண்ணீரா? சந்திர மாதத்தின் சராசரி 29.53 நாள். அன்று சூரியன் மறையும்போது பிறைக்கு எத்தனை மணிநேர வயது, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், மேகம் உண்டா என்று தெரிந்துவிட்டால், போன வருஷக் கதை ஒரு சல்லிக்கும் உதவாது.

இளசுகள் கடற்கரைக்கு ஓடும். காற்று நல்லா வரும், பிறை வராது. தலைப்பிறை தெரிவது மேற்கில். நம் கடலோ கிழக்கில். 'கடலைப் பார்த்து நிற்கிறார்' என்ற நிபந்தனையின் கீழ் பிறை தென்படும் நிகழ்தகவு சுத்தப் பூச்சியம். பார்க்க வேண்டியது முதுகுப்பக்கம், வயல்வெளிக்கு மேலே.

மொட்டைமாடியில் ஐந்து பேர் கண்டால் ஐந்து சாட்சியா? ஒருவர் "அந்தா!" என்று விரல் நீட்டிய பிறகு மற்ற நால்வரும் கண்டது பெரும்பாலும் அவருடைய விரலைத்தான். மன்னாரில் இவர்களை அறியாத ஒருவர் தனியாகக் கண்டிருந்தால் அதன் எடை வேறு.

பிறை காணாவிட்டால் முப்பது பூர்த்தி. மறுநாள் மாலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் பெருநாளின் நிகழ்தகவு 1. "பெருநாளைக்கு முதல்நாள் கட்டாயம் தாறன்" என்ற தையற்காரரின் வாக்கு மட்டும் பிறை, மேகம், தேதி எதையும் சாராத நிகழ்ச்சி.