கூரையில் ஓட்டை போடுவது எப்படி?

மழைக்காலம் வருவதற்குள் ஓடு மாற்றி, கூரையில் ஓர் ஓட்டைகூட இல்லாமல் பார்த்துக்கொண்டார் என் தாத்தா. பேரன் நான், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி ஜிப்சம் போர்டில் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டு, அதில் பதினான்கு ஓட்டை போடவும் தனியாகக் கூலி கொடுத்தேன். ஓட்டைக்குள் எல்இடி உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பெயர் டவுன்லைட். நீங்களும் போட ஆசைப்பட்டால், என் அனுபவம் உதவட்டும்.

முதலில் எத்தனை விளக்கு என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கூரை உயரத்தில் பாதி எவ்வளவோ, அவ்வளவுதான் விளக்குக்கும் விளக்குக்கும் இடைவெளி. சுவரிலிருந்து அதிலும் பாதி. ஒன்பதடி உயரத்துக்கு நாலரை அடிக்கு ஒன்று. 12க்கு 10 அறையென்றால் ஆறு விளக்கு தாராளம். இந்தக் கணக்கை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடாதீர்கள், பரிதாபமாகப் பார்ப்பார். எதிர் வீட்டு ஹாலில் காபி குடிக்கும் சாக்கில் அண்ணாந்து எண்ணி, அதோடு நான்கைக் கூட்டிக்கொள்வதே ஊர் வழக்கம். எனக்குப் பதினான்கு வந்தது. ஒவ்வொன்றும் 10 வாட். வாட்டுக்குச் சுமார் 100 லூமன் என்று வைத்தால், ஏழு எல்இடி டியூப் லைட் ஒரே அறையில் எரிகிற மாதிரி. சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்தால் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதோ என்று தோன்றும்.

அடுத்தது நிறம். 3000 கெல்வின் மஞ்சள், 6500 கெல்வின் பளீர் வெள்ளை. மனைவி மஞ்சள் கேட்பார், அம்மா வெள்ளை கேட்பார். கடைக்காரர் இந்தக் குடும்பச் சண்டையைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்து, "த்ரீ இன் ஒன் எடுத்துக்குங்க சார்" என்பார். சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வெள்ளை, இன்னொரு முறை போட்டால் மஞ்சள், மூன்றாவது முறை இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அவசியம் வாங்குங்கள். ஒரு மாதம் பதினான்கும் பட்டாளம்போல ஒன்றாக நிறம் மாறும். பிறகு ஒரு நாள் கரண்ட் போய் வந்து, போய் வந்து விளையாடும். அன்றைக்கு ஒன்பது வெள்ளை, நான்கு மஞ்சள், மூலையில் இருப்பது மட்டும் நடுநிலை. எல்லாவற்றையும் ஒரு வழிக்குக் கொண்டுவர நான் டக் டக்கென்று சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டுப் பையன் ஓடிவந்து கேட்டான்: "அங்கிள், இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள்?"

ஓட்டை போடும் நாளில் டேப்பை எடுத்து, விளக்கின் வெளி வளையத்தை அளந்து, அதே அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். விளக்கை மேலே ஏற்றியதும் அது திரும்ப உங்கள் கைக்கே வந்துவிடும். வளையம் போர்டின்மேல் உட்கார வேண்டும். பக்கத்து ஸ்பிரிங் உள்ளே போய் விரிந்து பிடிக்க வேண்டும். அதற்கான கட்அவுட் அளவு அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். பெட்டியை முதலிலேயே குப்பையில் போட்டுவிடுவது நல்லது. போர்டை மூடுவதற்கு முன் உள்ளே இரும்புச் சேனல் எங்கே ஓடுகிறது என்று போனில் படம் எடுத்து வைப்பவர்கள் ஓட்டைக்கு நடுவில் சேனலைச் சந்திக்கும் பரவசத்தை இழந்துவிடுவார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: வயரில் கை வைக்கும் முன் எம்சிபியை இறக்குங்கள், டெஸ்டர் வைத்தும் பாருங்கள்.

ஃபேன் இறக்கையின் வட்டத்துக்குள் இரண்டு விளக்காவது வரட்டும். இறக்கை சுற்றச் சுற்ற வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். பழைய டூரிங் டாக்கீஸ் செலவில்லாமல் வீட்டுக்கு வந்துவிடும். அம்மா இரண்டு நாள் தலைசுற்றல் என்று படுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஃபேனை நிறுத்திப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்.

சமையலறையில் நட்டநடுவே விளக்கு வையுங்கள். மேடை முன்னால் நின்றால் வெளிச்சம் முதுகில் விழும், நிழல் வெங்காயத்தின்மேல் விழும். மேடை விளிம்புக்கு நேர் மேலே வைத்திருந்தால் விரலும் கத்தியும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் வைத்தால்தானே அழகு!

உபரியாக இரண்டு விளக்கு வாங்கி வைக்காதீர்கள். இரண்டு வருஷத்தில் ஒன்று கண்சிமிட்டத் தொடங்கும். பெரும்பாலும் போவது விளக்கு இல்லை, அதோடு தொங்கும் டிரைவர் என்கிற சின்னப் பெட்டி. அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கடையில், "அந்த மாடல் நின்னுபோச்சு சார், இது புதுசு" என்பார்கள். புதுசுக்கு ஓட்டை ஐந்து மில்லிமீட்டர் பெரிதாக வேண்டும். சின்னதாக வேண்டும் என்று வந்தால் இன்னும் விசேஷம். ஓட்டையைச் சின்னதாக்கும் பிட்டை இதுவரை யாரும் செய்யவில்லை.

கடைசியாக, பழைய டியூப் லைட்டை மறக்காமல் கழற்றிவிடுங்கள். சுவரில் அது நிற்பது புதுக் கூரைக்கு அவமானம். எங்கள் எலெக்ட்ரீஷியன் தயங்கித் தயங்கிக் கேட்டார், தூக்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது அம்மா வாரப் பத்திரிகையைத் தூக்கித் தூக்கிப் பிடித்து, "வெளிச்சம் இருக்குப்பா, எழுத்துதான் தெரிய மாட்டேங்குது" என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்க, அவர் தலை நிழலே பத்திரிகையில் விழுகிறது.

போன வாரம் மூலை ஓட்டையைப் பெரிதாக்க எலெக்ட்ரீஷியன் வந்தார். டியூப் லைட் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"ஜம்முனு எரியுது சார். பிள்ளைங்க அதுக்குக் கீழதான் படிக்குதுங்க."