புல் தெரிந்த குல்மார்க்

கேள்வி: காஷ்மீரில் பனி குறைந்தால் சறுக்கு விளையாடுகிறவர்கள் கவலைப்படட்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு என்ன வந்தது?
(ஒரு வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: பிரெஞ்சு வழியில் சொந்தமாயிற்றே! காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கில் ரோப் காரை அமைத்தது போமா என்ற பிரெஞ்சு நிறுவனம். அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் அது இறக்கிவிடும். போட்ட பாதையை விட்டு விலகி, தடம் படாத பனியில் சறுக்கத்தான் வெளிநாட்டினர் அங்கே வருகிறார்கள். 2024 ஜனவரியில் அவர்களை வரவேற்றது காய்ந்த புல். சில்லாய் கலான் எனும் 40 நாள் கடுங்குளிர்காலம் பெரும்பாலும் வறண்டே கழிந்தது.

தாமதமாகப் பெய்தால் போதாதா? போதாது. டிசம்பர், ஜனவரியில் விழுவதுதான் இறுகி அடித்தளமாக நிற்கும். அது மெலிதாக இருந்தால் குளிரில் சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி மொத்தமாகக் குவிந்தால் பனிச்சரிவுதான். அந்தப் பிப்ரவரியிலேயே, பாதைக்கு வெளியே சறுக்கிய ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார்.

வெளிநாட்டுக்காரர் அடுத்த வருடம் ஜப்பானுக்கு டிக்கெட் போடுவார். குல்மார்க் அடிவாரத்துத் தங்மார்க் ஊர் வழிகாட்டியும் ஸ்லெட்ஜ் இழுப்பவரும் எங்கே போவார்கள்? இழப்பு நமக்கும் தெரியும்: நம் கடற்கரை மணலைத் துறைமுகத் தடுப்புச்சுவர் பறித்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து ஓரளவு மீட்டோம். வானம் தராத பனிக்கு அப்படி ஒரு திட்டு கிடையாது.

குல்மார்க்குக்கு டிக்கெட் எடுத்திருந்தால், பனி இல்லை என்று ரத்து செய்யாதீர்கள். போங்கள், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள்.